வாலாம்பாள் சொல்லாத நாள்

நாற்பத்தெட்டாம் வருஷம் எங்கள் கட்டடத்தில் மனிதர்களைவிட நாய்கள் அதிகம் என்று நான் சொன்னால், என் மனைவி விஜயலக்ஷ்மி, "கொஞ்சம் குறைச்சுச் சொல்லுங்கோ" என்பாள். குறைக்க மாட்டேன். ரயில்வே கணக்கு இலாகாவில் முப்பது வருஷம் ஒரு தம்பிடி கூட்டாமல் குறைக்காமல் எழுதினவன் நான். ரிடையரான பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று எந்த ரூலும் இல்லை.

மாதுங்காவில், லோக்கல் ரயில் ஊதினால் டம்ளரில் காப்பி நடுங்குகிற தூரத்தில் எங்கள் கட்டடம். இரண்டாவது மாடியில் எதிரும் புதிருமாக இரண்டு வீடுகள், நடுவே இரண்டு பேர் ஒதுங்கிப் போகிற அகலத்துக்கு ஒரு நடை. இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் பஞ்சாபகேசன், அவர் சம்சாரம் வாலாம்பாள். பிள்ளைகள் டில்லியில் உத்தியோகம். பெண் ஷ்யாமளா முலுண்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

பஞ்சாபகேசன் பகலில் ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சூபரின்டெண்ட். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும், மாதுங்காவிலிருந்து முலுண்ட் வரை உள்ள பாலக்காட்டுக் குடும்பங்களுக்கு ஜாதகம் பார்த்து வரன் சேர்த்து வைப்பார். கோத்திரத்தில் அவர் ஒரு சுங்கச்சாவடி. ஒரு தடவை நிச்சயதார்த்தத் தட்டு மாற்றுகிற நேரத்தில், பையனுடைய தாத்தா ஸ்வீகாரம் போனவர், அதற்கு முன்னால் அவருக்கும் பெண் வீட்டுக்கும் ஒரே கோத்திரம் என்று மோப்பம் பிடித்துவிட்டார். தட்டில் இருந்த வெற்றிலை வாடுவதற்குள் கல்யாணம் நின்றுபோயிற்று. அண்ணன் தங்கை முறை ஆகிறதாம். பையனும் பெண்ணும் அதற்கு முன்னால் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை.

இப்படிப்பட்டவரிடம்தான், நாற்பத்தாறில் அவருடைய கம்பெனித் துரை சீமைக்குக் கப்பல் ஏறினபோது இரண்டு நாய்களை ஒப்படைத்துவிட்டுப் போனார். டால்மேஷன் என்கிற ஜாதி. வெள்ளை உடம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளி; புள்ளி மட்டும் வைத்துவிட்டு இழை போட மறந்துபோன கோலம் மாதிரி இருக்கும். ஆண் டியூக், பெண் பெர்ல். இரண்டும் ஒரே தாயின் ஒரே ஈத்து. வாலாம்பாளுக்குப் பெர்ல் வாயில் நுழையவில்லை. என்ன அர்த்தம் என்று கேட்டாள். அன்று முதல் அது முத்து.

ஆறு மாதத்தில் முத்து பதினோரு குட்டி போட்டது. அப்போது புள்ளி நாய்க்கு பம்பாயில் அப்படி ஒரு கிராக்கி. துரைகள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள், அவர்களுடைய நாற்காலி, நாய், சுருட்டுப் பெட்டி எல்லாவற்றுக்கும் நம்மவர்கள் வரிசையில் நின்றார்கள். டால்மேஷன் குட்டிக்குப் பிறக்கும்போது புள்ளி கிடையாது, பஞ்சு மாதிரி வெள்ளையாக இருக்கும். வாங்க வந்தவர்கள் சந்தேகப்பட்டால் பஞ்சாபகேசன், "பையனுக்கு மீசை முளைக்கிற மாதிரி அது தானா முளைக்கும்" என்பார். முளைக்கும்வரை காத்திருக்க மாட்டார். பாலுக்கு ரேஷன், அரிசிக்கு ரேஷன், பதினோரு வாய்க்கு எங்கே போவது? கண் திறந்த கையோடு குட்டிகள் ஒவ்வொன்றாக மூங்கில் கூடையில் படி இறங்கின. விற்றார் என்று சொன்னால் கோபம் வரும். "கொடுத்து வாங்கிண்டேன்" என்று சொல்ல வேண்டும்.

அடுத்த தடவை ஒன்பது. அதற்கும் அடுத்த தடவை பதின்மூன்று. முத்துவுக்கு மூச்சு விட நேரமில்லை. மூன்றாம் ஈத்தில் அது படுத்திருந்ததை நான் நடையில் நின்று பார்த்தேன். குட்டிகள் கொழுகொழுவென்று மொய்த்துக்கொண்டிருந்தன, நடுவில் தோலும் விலா எலும்புமாக ஏதோ ஒன்று. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. அடையாளம் தெரிந்ததற்கு ஒரு தடவை வாலை ஆட்டியது. இரண்டாவது தடவை ஆட்ட அதற்குத் தெம்பு இல்லை.

நாற்பத்தேழு தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாராவியிலிருந்து ஷாகுல் ஹமீது வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தோல் மண்டி வைத்திருந்தார். ஆள் நிலைப்படியை நிறைக்கிற பருமன். கையில் முதல் ஈத்துக் குட்டி ஒன்று, இப்போது கன்றுக்குட்டி உயரம், அதற்கு சுல்தான் என்று பெயர் வைத்திருந்தார்.

"ஐயரே," என்றார் பஞ்சாபகேசனிடம், "காவலுக்குன்னு உம்மகிட்ட நாய் வாங்கினேன். நேத்து அந்தியில களவாணிப் பயலுவ வந்துருக்கானுவ. இவரு ஒரு கட்டுத் தோலு மேல தலைய வச்சு உறங்குதாரு. அவனுவ என்ன செஞ்சிருக்கானுவன்னு தெரியுமா வே? தலைய மெள்ளத் தூக்கி, அடியில ஒரு செங்கல்ல வச்சிட்டு, தோலுக் கட்ட எடுத்துட்டுப் போயிருக்கானுவ. நான் போயிப் பாக்கேன், செங்கல்ல கெட்டியாப் புடிச்சுக்கிட்டு உறங்குதாரு."

"உசந்த ஜாதி நாய். அல்ப சத்தத்துக்கெல்லாம் எழுந்திருக்காது" என்றார் பஞ்சாபகேசன்.

நான் சும்மா இருப்பேனா? பஜனை ஜால்ராவை எடுத்துவந்து சுல்தானின் தலைக்குப் பின்னால் நின்று தட்டினேன். மூன்றாம் மாடியிலிருந்து ஆட்கள் தீ விபத்து என்று இறங்கி வந்தார்கள். விஜயம் பித்தளைத் தாம்பாளத்தைக் கீழே போட்டாள். சயானில் காக்கைகள் பறந்திருக்கும். சுல்தான் பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்துகொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"செவிடு" என்றேன்.

"கவனம் வேற எங்கேயோ இருக்கு" என்றார் பஞ்சாபகேசன்.

ஷாகுல் ஹமீது அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இதுக்குத் தாய் தகப்பன் ஆரு?"

"ஒரே வயத்துப் பொறப்பு. அதான் ரத்தம் அத்தனை சுத்தம்."

"அண்ணனும் தங்கச்சியுமா?" ஷாகுல் ஹமீது சுல்தானின் தலையில் கை வைத்தார். "ஏம் வே, ஏழு தலமொறைக்கு முந்தி என்ன கோத்திரம்னு கேட்டுக் கலியாணத்த நிப்பாட்டுத ஆளுன்னு உம்மச் சொல்லுதாவ. ஒம்ம வீட்டுக்குள்ளயே இந்தக் கூத்தா?"

"நாய்க்கு ஏது ஓய் கோத்திரம்?"

"கோத்திரம் இல்லாட்டிப் போவுது, காது இருக்கணும்லா?"

பஞ்சாபகேசன் வேறு குட்டி தருவதாகச் சொன்னார். ஷாகுல் ஹமீது வேண்டாம் என்றுவிட்டார். "இவன எங்க கொண்டு விட? கயித்த ஆட்டுனா வந்துருவான், நான் பழக்கிட்டேன். கண்ணு நல்லாருக்கு. நான் சொல்ல வந்தது அது இல்ல. இனிமே செய்யாதீரும்."

இது ஒரு நாய் என்றால் போகட்டும். செம்பூரில் இரண்டு, வடாலாவில் ஒன்று, எங்கள் தெருக்கோடியிலேயே ஒன்று என்று செவிட்டு நாய்களின் செய்தி வரத் தொடங்கியது. முலுண்டில் ஷ்யாமளா வீட்டில் ஒன்று இருந்தது. பேரன் அதற்குத் தன் ரேஷன் பாலில் பாதி கொடுத்து வளர்த்தான். ஒரு நாள் அவன் கண் முன்னாலேயே அது தண்டவாளத்தில் நின்று வாலாட்டிக்கொண்டிருந்தது, பின்னால் லோக்கல் வந்தது. பையன் மூன்று நாள் சாப்பிடவில்லை. பஞ்சாபகேசன் சொன்ன சமாதானம்: "டிரைவர் ஊதியிருக்க மாட்டான்." முப்பது வருஷம் ரயில்வேயில் குப்பை கொட்டினவன் சொல்கிறேன், ஊதியிருப்பான்.

அந்தச் செய்தி வந்த மறுநாள் காலை அவர் ஆபீசுக்குப் போனதும் வாலாம்பாள் எங்கள் கதவைத் தட்டினாள். இடுப்பில் முத்து. எட்டுப் பெற்றவளுக்கு இடுப்பில் எதையும் தூக்கி வைத்துக்கொள்ள வரும்.

"ஜம்பு அண்ணா, பரேல்ல மிருக ஆஸ்பத்திரி இருக்காமே. எனக்கு வழி தெரியாது."

விக்டோரியா குதிரை வண்டி பிடித்துப் போனோம். பார்ஸி டாக்டர் முத்துவின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கண் இமையை விலக்கிப் பார்த்தார், ஈறைப் பார்த்தார். எத்தனை ஈத்து, என்ன இடைவெளி, எந்த ஆணோடு என்று கேட்டார். நான் ஹிந்தியில் சொல்லச் சொல்ல அவர் முகம் ரோஜாவிலிருந்து பீட்ரூட் ஆயிற்று. மருந்து எழுதிவிட்டு வாலாம்பாளைப் பார்த்து மெதுவாகப் பேசினார். இன்னொரு தடவை குட்டி என்றால் இவள் பிழைக்க மாட்டாள். அடுத்த பருவம் வந்தால் ஆணை அண்ட விடாதீர்கள். அது முடிந்ததும் கூட்டி வாருங்கள், கர்ப்பப்பையையே எடுத்துவிடுகிறேன்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். திரும்பி வரும்போது, வண்டி தாதர் தாண்டுகையில் வாலாம்பாள், "எடுத்துடலாம்னு ஒண்ணு இருக்கா, அண்ணா?" என்று கேட்டாள்.

பஞ்சாபகேசனிடம் அவள் அன்று ராத்திரியே சொல்லிவிட்டாள். நடை குறுகல், குரல் எல்லாம் எங்கள் வீட்டுக்குள் வந்துதான் போகும். நான் ஒட்டுக்கேட்கவில்லை. கதவோரம் காற்று நன்றாக வரும், அதனால் அங்கே நாற்காலி போட்டிருந்தேன்.

"டாக்டர் அப்படித்தான் சொல்லுவன். ஒரே ஒரு தடவை. அதோட விட்டுடறேன்" என்றார் அவர்.

"போன தடவையும் அதோட விட்டுடறேன்னேள்."

"புது மானேஜர் மேத்தாவுக்குக் குட்டி தரேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். வாக்கு தவறச் சொல்றியா?"

"வாக்கு நீங்க கொடுத்தேள். வயிறு அவளோடது."



இனிமேல் வருவதை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதலாமா என்று கேட்பார்கள். வீட்டில் பாதிப் பேருக்கு மாதா மாதம் நடப்பதை எழுதக் கூடாதாம். நான் எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

பஞ்சாபகேசன் வீட்டில் ஆசாரம் அதிகம். பெண்கள் தூரமானால் பின்கட்டு அறையில் மூன்று நாள், தனிப் பாய், தனித் தட்டு. அவர் அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்ப மாட்டார். முத்து வந்ததும் இதே சட்டத்தை அதற்கும் போட்டார். நாயும் பெண் ஜன்மம்தானே, பூஜை அறைப் பக்கம் வந்துவிடக் கூடாது. பருவம் வந்தால் முத்துவும் பின்கட்டில். துரையின் பட்லர் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான்: பெண் நாய்க்கு உதிரம் கண்ட முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்; பத்து நாளைக்குமேல் போனதும் ஆணைச் சேர்க்க வேண்டும்; அந்த நாலைந்து நாள் தவறினால் அப்புறம் ஆறு மாசம் கழித்துத்தான். எண்ணுவது அவர். ஆனால் முதல் நாள் எது என்று போய்ப் பார்ப்பது அவரால் ஆகுமா? காலையில் காப்பி குடிக்கும்போது விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "ம்?" என்பார். ஆகியிருந்தால் வாலாம்பாள், "ம்" என்பாள். மூன்று ஈத்தும் இந்த இரண்டு "ம்"களில் நடந்தது.

டியூக் அப்போது அங்கே இல்லை. கட்டடத்துக்காரர்கள் சண்டை போட்டதால் செம்பூரில் மச்சினர் வீட்டுத் தோட்டத்தில் கட்டியிருந்தார். நாள் வந்ததும் போய் அழைத்து வருவார், மாப்பிள்ளை அழைப்பு மாதிரி.

நாற்பத்தெட்டு பங்குனியில் அவருடைய "ம்?" காலைக்கு ஒன்று என்று வரத் தொடங்கியது. வாலாம்பாள் ஒன்றும் சொல்லாமல் டவராவை எடுத்துக்கொண்டு போவாள். முத்துவுக்கு உதிரம் கண்ட அன்றும் சொல்லவில்லை; அவளே பின்கட்டில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டாள். முத்துவையும் உள்ளே சேர்த்துக்கொண்டாள்.

"எனக்குத் துணை" என்றாள்.

உலக வழக்கம் மூன்று நாள். வாலாம்பாள் எழுந்திருக்கவில்லை. ஐந்தாம் நாள் அவர் நடையில் நின்று பொதுவாகச் சுவரிடம், "இன்னும் ஆகலையா?" என்று கேட்டார். "இந்த வயசுல அப்படித்தான் நாளும் கணக்கும் தப்பும். டாக்டரைக் கூட்டிண்டு வந்து கேளுங்கோ" என்று உள்ளிருந்து பதில் வந்தது. அவராவது, டாக்டரிடம் அதைக் கேட்பதாவது. மெஸ்ஸில் சாப்பிட்டார். மெஸ் சாம்பாரில் அவர் முகம் தெரிந்ததாம், அவ்வளவு தெளிவு. விஜயத்திடம் கொஞ்சம் ரசம் கேட்டார். "எங்காத்து ரசம் உங்க மடிக்கு ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டாள்.

முத்துவுக்கு நாள் ஆரம்பித்துவிட்டது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் பொதுப் பின்வராந்தாவில் மாவு அரைக்கிற சாக்கில் மாடிப் பெண்கள் அத்தனை பேரும் பின்கட்டு ஜன்னலில் தட்டும் தண்ணீரும் கொடுத்துவிட்டுப் போவதைப் பார்த்தேன். கட்டடத்தில் தெரியாத ஒரே ஆள் அவள் வீட்டுக்காரர்தான்.

காட்டிக் கொடுத்தவர்கள் தெருநாய்கள். எட்டாம் நாள் வாக்கில் வாசலில் நாலு நாய் வந்து உட்கார்ந்தது. மறுநாள் பத்து. அதற்கு மறுநாள் மாதுங்கா, சயான், தாராவி, வடாலா நாய்கள் அனைத்தும் மகாநாடு கூட்டிவிட்டன. குர்லாவிலிருந்துகூட ரயிலேறி வந்திருந்ததாக நான் நம்புகிறேன். ஆபீஸ் விட்டு வந்த பஞ்சாபகேசனால் கேட்டுக்குள் நுழைய முடியவில்லை. குடையால் வழி பண்ணிக்கொண்டு வந்தார்.

"இத்தனை நாய் எதுக்கு இங்க நிக்கறது?" என்று என்னைக் கேட்டார்.

"வரன் பேச வந்திருக்கும். கோத்திரம் விசாரியுங்கோ" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அப்படி ஒரு சந்தர்ப்பம் வாழ்க்கையில் ஒரு தடவைதான் வரும். அவர் மாடிப்படியில் அப்படியே நின்றார். விரல் மடக்கினார். திரும்பிச் செம்பூருக்குப் பஸ் பிடிக்கப் போனார்.

மறுநாள் காலை டியூக்கோடு வந்து இறங்கினார். அதற்கு மறுநாள் பஜனை மண்டலியில் சீதா கல்யாணம், அவர்தான் நடத்தி வைக்கிறவர். ஆகையால் மடியாக, ஈர வேஷ்டியோடு பின்கட்டு நிலைக்கு வெளியே நின்றார், ஒரு கையில் டியூக்கின் சங்கிலி. அவர்கள் கதவும் எங்கள் கதவும் திறந்திருந்தன, பின்கட்டு வரை நேரே தெரிந்தது. மேல் மாடி, கீழ் மாடி என்று நடையில் நாற்பது பேர் இருப்போம். சரி, பதினைந்து பேர்.

வாலாம்பாள் நிலைப்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் பாயில் முத்து.

"எழுந்து தள்ளி நில்லு" என்றார்.

"நான் தூரம். எழுப்பணும்னா தொட்டு எழுப்புங்கோ."

"நாளைக்குக் கல்யாண உத்சவம். எம் மடியைக் கெடுக்கறியா?"

"கெடுக்கலை. நான் உக்காந்துண்டு இருக்கேன்."

அவர் யோசித்தார். பிறகு அந்த மூளையில் உதித்த யோசனையைப் பார்த்து நானே அசந்துபோனேன். "நாய்க்குத் தீட்டுக் கிடையாது" என்றார், சங்கிலியை விட்டார்.

டியூக் பாய்ந்தது. வாலாம்பாள் எழுந்து இரண்டு கையாலும் அதைக் கழுத்தோடு கட்டிப் பிடித்தாள். கன்றுக்குட்டி மாதிரி நாய், இவளை இழுத்துக்கொண்டு பாதி அறை போயிற்று. முத்து சுவரோடு ஒட்டிப் பல்லைக் காட்டியது. அத்தனை நாளில் அது பல்லைக் காட்டி நான் பார்த்ததில்லை. வாலாம்பாள் சங்கிலியைத் தேடிப் பிடித்து, ஜன்னல் கம்பியில் சுற்றி முடிச்சுப் போட்டாள். புடவைத் தலைப்பு கிழிந்திருந்தது. திரும்பி அவர் முன்னால் வந்து நின்றாள். தலையைக் குனிந்துகொண்டு அல்ல.

"நான் தூரமே இல்லை. பத்து நாளா இல்லை. எனக்கு நின்னு வருஷம் ரெண்டாச்சு. அதுகூட உங்களுக்குத் தெரியாது" என்றாள்.

நடையில் இருந்த ஆண்களில் பாதிப் பேர் செருப்பைத் தேடினார்கள். நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"நாலு பேர் நிக்கறாடி" என்றார் பஞ்சாபகேசன், குரல் கம்மிப்போய்.

"நிக்கட்டும். எனக்கு எட்டு. மூணு போயிடுத்து. ஒரு தடவையாவது என்னைக் கேட்டேளா? நானும் சொல்லலை, அப்போ எனக்குச் சொல்லத் தெரியாது. முத்துவுக்கு இப்பவும் சொல்லத் தெரியாது. அதனால நான் சொல்றேன். கொடுக்க மாட்டேன். இந்த நாலு நாள் இல்லை, எந்த நாளும் கொடுக்க மாட்டேன்."

"மேத்தாகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"எம் பொண்டாட்டி மாட்டேன்னுட்டான்னு சொல்லுங்கோ. அவருக்கும் ஆத்துல பொண்டாட்டி இருப்பள், புரிஞ்சுப்பர்."

முத்துவை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். நடையைத் தாண்டி எங்கள் வாசலில் வந்து நின்றாள். விஜயம் நாய் வாடையே பொறுக்காதவள். எங்கள் வீட்டு வாசலில் நாய் மூச்சு விட்டாலே தண்ணீர் தெளித்து அலம்புகிறவள். அவள் முத்துவைப் பார்த்தாள், அதன் தொங்கிப்போன வயிற்றைப் பார்த்தாள்.

"உள்ள வா. வலது காலை வெச்சு வா" என்றாள், இரண்டு பேரையும் சேர்த்து.

பஞ்சாபகேசன் என்னைப் பார்த்தார். "ஜம்பு அண்ணா, இது எங்காத்து விஷயம்."

"வாஸ்தவம். ஆனா இப்ப எங்காத்துக்குள்ள உக்காந்துண்டிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டது விஜயம்.

இரண்டு பேரும் எங்கள் வீட்டில் இருந்தது பதினெட்டு நாள் என்கிறாள் விஜயம், எனக்கு ஒரு மாமாங்கம் மாதிரி இருந்தது. என் நாற்காலியில் முத்து தூங்கியது. நான் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்தேன். சீதா கல்யாணத்தில் பஞ்சாபகேசன் கன்னிகாதானத்துக்குக் கோத்திரம் சொல்லி நிறுத்தினபோது, "மேலே சொல்லுங்கோ" என்று பெண்கள் வரிசையிலிருந்து யாரோ சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கினார்களாம். இரண்டு குடும்பங்கள் ஜாதகத்தைத் திரும்பி வாங்கிக்கொண்டு போய்விட்டன. "சொந்த ஆத்துல அண்ணன் தங்கைக்கு முடிச்சுப் போடறவர்" என்று மாதுங்கா மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே பேசினார்கள். அதை முதலில் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. நான் அன்று மார்க்கெட்டுக்கு மூன்று தடவை போனேன், அவ்வளவுதான்.

அவர் ஒவ்வொரு நாளும் காலையில் எங்கள் கதவுக்கு வெளியே நின்று இருமுவார். ஒரு நாள் இருமலுக்குப் பிறகு, "டியூக்கை மச்சினன்கிட்டயே விட்டுட்டேன். இனிமே அழைச்சுண்டு வரலை" என்றார் கதவிடம்.

"சரி" என்றாள் வாலாம்பாள் உள்ளிருந்து. கதவு திறக்கவில்லை.

வாசல் நாய்கள் கலைந்துபோனதும் ஆஸ்பத்திரிக்கு நாள் குறித்தோம். தாராவியிலிருந்து ஷாகுல் ஹமீது தம்முடைய வண்டியை அனுப்பாமல் தாமே ஓட்டிக்கொண்டு வந்தார். பின் ஸீட்டில் புது ஜமக்காளம் விரித்திருந்தார். கட்டடமே படிக்கட்டில் நின்றது. பஞ்சாபகேசனும் நின்றார், ஆபீஸ் கோட்டோடு, தலைப்பாகை இல்லாமல்.

"ஆப்பரேஷன்ல ஏதாவது ஆயிடுத்துன்னா?" என்று கேட்டார். அது அவருடைய பழைய குரல் இல்லை.

"ஆகலாம்னு டாக்டரும் சொன்னர். குட்டி போட்டா கட்டாயம் ஆகும்னும் சொன்னர். நான் இதைத் தேர்ந்துண்டேன்."

"எப்போ வருவே?"

"அவ எழுந்து நடந்ததும்."

"அதுவரைக்கும் எனக்குச் சாப்பாடு?"

"அரிசி டப்பால இருக்கு. தண்ணி குழாய்ல வரது" என்றாள் வாலாம்பாள்.

முத்துவை இந்தத் தடவை அவள் தூக்கவில்லை. கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நடக்க விட்டாள். முதல் மாடி வளைவில் முத்து நின்றது, மூச்சு வாங்கியது, படியிலேயே படுத்துவிட்டது. கீழே ஷாகுல் ஹமீது ஹார்ன் அடித்தார். ஆபீசுக்குப் போகிறவர்கள் மேலே நின்று கடிகாரத்தைப் பார்த்தார்கள். ரயிலுக்கு நேரமாகிறது, கொஞ்சம் ஓரமாகத் தூக்கி வைக்கக் கூடாதா என்று மூன்றாம் மாடிக்காரர் கேட்டார்.

வாலாம்பாள் அதன் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"அவளுக்கு எப்போ எழுந்திருக்கணுமோ அப்போ எழுந்திருப்பள். அடுத்த ரயில்ல போங்கோ" என்றாள்.

ஒருவரும் தாண்டிப் போகவில்லை. பஞ்சாபகேசன் மேல் படியில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். நானும் உட்கார்ந்துகொண்டேன், எனக்கு எந்த ரயிலும் இல்லை. ஒரு லோக்கல் ஊதிக்கொண்டு போயிற்று. அதற்கப்புறம் இன்னொன்று.